ஆர்டிஎக்ஸ் 4070-க்கு எந்த மானிட்டர்? 27-ல் 1440பியா, 32-ல் 4கேவா, ஓலெட்டா?

#1 மின்மினி

மானிட்டர் மாற்ற வேண்டும். கேட்கக் கேட்கச் சொல்லாமல், வேண்டிய விவரங்களை முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070. இப்போது இருப்பது 24 அங்குலம், 1080பி, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கும்). மேசையின் ஆழம் 60 செ.மீ., பின்னால் சுவர். வார நாட்களில் வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. வார இறுதியில் சைபர்பங்க் 2077, எல்டன் ரிங். பகலில் இதே திரையில் ஆறேழு மணி நேரம் கோட் எழுதும் வேலை. இடது பக்கம் பெரிய ஜன்னல். பிஎஸ்5-ஐயும் இதிலேயே சொருக வேண்டும்.

27 அங்குலத்தில் 1440பி (2560 × 1440 பிக்சல்) எடுப்பதா, 32-ல் 4கே (3840 × 2160) எடுப்பதா? ஐபிஎஸ், விஏ, ஓலெட் என்ற மூன்று பேனல் வகைகளில் எது? எல்லாப் பெட்டியிலும் "1 மி.நொடி" என்றும் "எச்டிஆர்" (பளீர் வெளிச்சமும் ஆழ்ந்த கறுப்பும் ஒரே படத்தில்) என்றும் போட்டிருக்கிறார்கள். அதில் எதை நம்பலாம்?

#2 தூரிகை

மேசையிலிருந்து தொடங்குங்கள், மின்மினி. பலரும் கடைசியில் யோசிப்பது அதுதான், பிறகு வருந்துவதும் அதற்காகத்தான்.

60 செ.மீ. மேசையில் மானிட்டரின் ஸ்டாண்டே 20 முதல் 25 செ.மீ. வரை பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்தாலும் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஏறக்குறைய 60 செ.மீ.தான் கிடைக்கும். 27 அங்குலத் திரையின் அகலம் 60 செ.மீ., 32 அங்குலத்தின் அகலம் 71 செ.மீ. அந்தத் தூரத்தில் 27 அங்குலம் உங்கள் பார்வையில் 53 டிகிரியை நிரப்பும். 32 அங்குலம் 61 டிகிரியை நிரப்பும். சைபர்பங்குக்கு அது இன்பம். வாலரன்டில் மூலையில் இருக்கும் மினிமேப்பைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையையே திருப்ப வேண்டியிருக்கும். போட்டி விளையாட்டுக்காரர்கள் 24, 25 அங்குலத்தை விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

அடுத்தது பிக்சல் நெருக்கம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. உங்கள் 24 அங்குல 1080பி-யில் 92. 27-ல் 1080பி போட்டால் 82-க்கு இறங்கிவிடும், எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். அந்தப் பக்கமே போக வேண்டாம். 27-ல் 1440பி என்றால் 109. 32-ல் 1440பி எடுத்தால் மறுபடி 92, பெரிய திரை வாங்கியும் கூர்மை கொஞ்சமும் கூடியிருக்காது. 32-ல் 4கே 138, 27-ல் 4கே 163. கோட் எழுத 138-ம் 163-ம் அருமையாக இருக்கும், ஆனால் விண்டோஸில் 125 அல்லது 150 சதவீத ஸ்கேலிங் போட வேண்டும். 109-ல் ஸ்கேலிங்கே இல்லாமல் 100 சதவீதத்தில் ஓட்டலாம்.

கார்டின் சுமை: 1080பி-யில் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 1440பி-யிலிருந்து 4கே-க்குப் போனால் கார்டு 2.25 மடங்கு பிக்சலை வரைய வேண்டும். 4070-க்குப் பொருத்தமான இடம் 1440பி.

#3 நெடுவழி

இந்தக் கணக்கு டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா நுட்பம்) வருவதற்கு முந்தைய காலத்துடையது, தூரிகை. 4கே-யில் டிஎல்எஸ்எஸ் பெர்ஃபாமன்ஸ் போட்டால் உள்ளே 1080பி-தான் வரையப்படுகிறது. 1440பி-யில் குவாலிட்டி போட்டால் உள்ளே 1707 × 960. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணுக்கு வரும் படத்தில் 4கே தெளிவாக முந்தும். பகலெல்லாம் எழுத்தையே பார்க்கும் ஒருவருக்கு 32 அங்குல 4கே-யை ஏன் மறுக்கிறீர்கள்?

#4 தூரிகை

உள்ளே வரைவது 1080பி என்பது சரி. ஆனால் செலவு அதோடு நிற்பதில்லை. பெரிதாக்கும் வேலை, அதற்குப் பின் வரும் ஒளிமங்கல், மோஷன் பிளர், மெனு எழுத்து எல்லாம் முழு 4கே-யில்தான் ஓடும். டெக்ஸ்சர் தேர்வும் 4கே-க்கு ஏற்றதாக மாறுவதால் மெமரி அதிகம் கேட்கும். 4070-ல் இருப்பது 12 ஜிபி. சைபர்பங்கில் பாத் டிரேசிங்கும் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) ஃபிரேம் ஜெனரேஷனும் (இடையில் செயற்கை ஃபிரேம் சேர்ப்பது) சேர்த்துப் போட்டால் 4கே-யில் அந்த 12 ஜிபி நிரம்பிவிடும், அதன்பின் ஃபிரேம் சீராகக் குறையாது, திடீர் திடீரென்று இடறும்.

இன்னொன்று. திரையின் சொந்த ரெசொல்யூஷனுக்குக் கீழே இறக்கி ஓட்டும்போது 4கே-க்கு ஒரு நன்மை உண்டு, அதை உங்களுக்கு ஆதரவாகவே சொல்கிறேன். 1080பி என்பது 4கே-யில் சரியாகப் பாதி. ஒரு பிக்சலை நான்காக்கினால் போதும், டிரைவரில் இன்டிஜர் ஸ்கேலிங் போட்டால் மங்கலே இராது. 1440பி திரையில் 1080பி-யை ஓட்டினால் ஒன்றுக்கு ஒன்றேகால் சொச்சம் என்று பங்கு பிரிய வேண்டியிருக்கும், படம் குழம்பித் தெரியும். ஆகவே 1440பி வாங்குகிறவர் எப்போதும் 1440பி-யிலேயே ஓட்ட வேண்டும். ஃபிரேம் வேண்டுமென்றால் ரெசொல்யூஷனைத் தொடாமல் டிஎல்எஸ்எஸ் அல்லது ஏஎம்டியின் அதே வகை நுட்பமான எஃப்எஸ்ஆர் வழியாக இறக்குங்கள்.

80 செ.மீ. ஆழ மேசையாக இருந்தால் நெடுவழி சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன். இவர் மேசைக்கு இல்லை.

#5 கடிகாரமுள்

"1 மி.நொடி" பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த எண் இரண்டு வேறு சங்கதிகளைக் குறிக்கும். பெட்டியில் எது என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள்.

முதலாவது, ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரம். அந்த 1 மி.நொடி பெரும்பாலும் ஓவர்டிரைவை (பிக்சல் மாற்றத்தை விரைவுபடுத்தும் அமைப்பு) உச்சத்தில் வைத்து, இருப்பதிலேயே வேகமான ஒரு மாற்றத்தை மட்டும் அளந்தது. உச்ச ஓவர்டிரைவில் பிக்சல் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். நகரும் பொருளின் பின்னால் வெளிறிய ஒளிவால் தெரிகிறதே, அது இதுதான். ஆகவே மெனுவில் "எக்ஸ்ட்ரீம்" என்று இருப்பதைத் தொடாமல் நடுத்தர நிலையில் வையுங்கள்.

இரண்டாவது, எம்பிஆர்டி (அசையும் படம் மங்கித் தெரியும் நேரம்) என்று எழுதியிருந்தால் அது பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் உள்ள விளக்கை) ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அணைத்து ஏற்றி அளந்தது. அதைப் போட்டால் பிரைட்னஸ் குறையும். பெரும்பாலான மாடல்களில் அதையும் விஆர்ஆர்-ஐயும் (ஃபிரேம் வரும் வேகத்துக்கேற்பத் திரை புதுப்பிக்கும் வசதி) ஒன்றாகப் போட முடியாது. ஃபிரேம் எண்ணிக்கையும் ஹெர்ட்ஸும் சமமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு விளிம்பும் இரட்டையாகத் தெரியும்.

மங்கலுக்கு முதன்மைக் காரணம் பிக்சலின் சோம்பல் மட்டும் இல்லை. ஒரு ஃபிரேம் அடுத்தது வரும்வரை திரையில் அசையாமல் நிற்கிறது, கண்ணோ நகரும் பொருளைத் தொடர்ந்து போகிறது. அதனால் படம் விழித்திரையில் இழுபடுகிறது. நொடிக்கு 960 பிக்சல் நகரும் பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 120-ல் 8. 240-ல் 4. இது பிக்சல் கணப்பொழுதில் மாறினாலும் நடக்கும், அதனால் 60 ஃபிரேமில் ஓடும் ஓலெட்டிலும் இந்த 16 பிக்சல் மங்கல் அப்படியே இருக்கும். ஓலெட்டின் வேகம் உதவுவது ஹெர்ட்ஸும் ஃபிரேமும் சேர்ந்து ஏறும்போதுதான்.

60-லிருந்து 144-க்கு வந்தால் ஃபிரேமுக்கு 16.7 மி.நொடி என்பது 6.9 ஆகிறது, கிட்டத்தட்ட 10 மி.நொடி மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் 4.2, மிச்சம் 2.7 மட்டும். 240-லிருந்து 360-க்கு 1.4. முதல் படியை யாரும் உணர்வார்கள். இரண்டாவது படி வாலரன்ட் ஆடுகிறவருக்குத் தெரியும். மூன்றாவதற்குப் பணம் போடும் முன் பேனலின் தரத்துக்குப் போடுங்கள்.

#6 ஓடம்

குறுக்கே ஒரு கேள்வி. சைபர்பங்கில் 80 ஃபிரேம்தான் வருகிறது என்றால் 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது வீண்தானே?

#7 கடிகாரமுள்

வீண் இல்லை. விஆர்ஆர் இயங்கும்போது ஃபிரேம் எப்போது வருகிறதோ அப்போது திரை புதுப்பிக்கும். 80 ஃபிரேம் வந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமும் மேலிருந்து கீழே வரையப்படுவது 240 ஹெர்ட்ஸின் வேகத்தில், அதாவது சுமார் 4.2 மி.நொடியில். தாமதம் குறைவாக இருக்கும். ஆனால் 80 ஃபிரேமின் மங்கல் 80 ஃபிரேமின் மங்கல்தான், அது குறையாது. எல்டன் ரிங் கணினியில் 60-க்குமேல் போகாதபடி பூட்டப்பட்டது, அங்கே 240-ம் 144-ம் ஒன்றே.

விஆர்ஆர் வாங்கும்போது எல்லை எண்ணைப் பாருங்கள். 48 முதல் 240 வரை என்றால் நல்லது. மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான், ஃபிரேம் 48-க்குக் கீழே விழும்போது ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும் வசதி வேலை செய்யும். 48 முதல் 75 வரை என்று போட்டிருக்கும் மலிவுத் திரைகளில் அது இயங்காது. 40 ஃபிரேமில் கிழிசலோ இடறலோ திரும்பி வந்துவிடும்.

என்விடியாவின் விஆர்ஆர் முத்திரையான "ஜி-சிங்க் கம்பேட்டிபிள்" இல்லையே என்று கவலை வேண்டாம். என்விடியா 2019 ஜனவரியில் அடாப்டிவ்-சிங்க் (பொதுத் தர விஆர்ஆர்) திரைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து எந்தக் கார்டிலும், டிஸ்ப்ளேபோர்ட் வழியாக, என்விடியா கன்ட்ரோல் பேனலில் கையால் இயக்கிக்கொள்ளலாம். முத்திரை என்றால் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள் என்று பொருள்.

#8 கரும்பலகை

விஏ பற்றி யாரும் பேசவில்லையே. 3000-க்கு 1 கான்ட்ராஸ்ட், ஐபிஎஸ்-ஐவிட மூன்று மடங்கு. இரவில் இருட்டறையில் சைபர்பங்க் ஆட ஐபிஎஸ் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். விலையும் குறைவு. எடுக்கலாம் என்பது என் கருத்து.

#9 கடிகாரமுள்

இருட்டறையில் மெதுவான கதை விளையாட்டு மட்டும் என்றால் உங்கள் பக்கமே நிற்பேன். இவர் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறார். விஏ-யில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும் மாற்றம்தான் மிக மெதுவானது, பல பேனல்களில் 20 மி.நொடியைத் தாண்டும். 165 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 6 மி.நொடி. அப்படியென்றால் மூன்று ஃபிரேம் கடந்தும் பழைய நிழல் அழியாமல் பின்னால் மை இழுத்ததுபோல் வரும். இருண்ட மூலையில் எதிரி நகரும்போது அதுவே தடை. சாம்சங் 2020-ல் ஒடிசி ஜி7 வரிசையில் இதை வெகுவாகக் குறைத்துக் காட்டியது. விஏ என்றாலே மெதுவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் மலிவு விஏ-க்கு அந்த வேகம் கிடையாது.

விஆர்ஆர் போட்டால் விஏ-யில் இன்னொரு தொல்லை, ஃபிரேம் ஏறி இறங்கும்போது பிரைட்னஸ் துடிப்பது. லோடிங் திரையிலும் மெனுவிலும் நன்றாகத் தெரியும். புதுப்பிக்கும் இடைவெளி மாற மாற பிக்சலின் மின்னழுத்தம் சற்று நழுவுகிறது, அதனால் அடர்நிறங்கள் கொஞ்சம் வெளுத்தும் கறுத்தும் வரும். ஓலெட்டிலும் இது உண்டு. ஐபிஎஸ்-ல் பெரும்பாலும் கண்ணில் படாது. குறைக்க ஒரே வழி ஃபிரேமை நிலையாக வைப்பது: சராசரி 90 வருகிறது என்றால் 85-ல் பூட்டிவிடுங்கள்.

#10 அந்திவானம்

இவ்வளவு பேசியும் ஓலெட்டுக்கு வரவில்லையே! 27 அங்குலம், 1440பி, 240 ஹெர்ட்ஸ் ஓலெட் இப்போது பல நிறுவனங்களில் இருக்கிறது. கறுப்பு என்றால் பிக்சலே அணைந்துவிடும். மாறும் நேரம் 0.03 மி.நொடி, ஓவர்டிரைவ் மெனுவே கிடையாது. பேக்லைட் ஒழுகல் கிடையாது. மூலையில் ஐபிஎஸ் மினுக்கமும் கிடையாது. இருட்டில் எல்டன் ரிங்கின் குகைக்குள் ஒரு தீப்பந்தம் எரியும்போது ஓலெட்டுக்கும் மற்றதுக்கும் ஒப்பீடே இல்லை. 240 ஹெர்ட்ஸ் ஓலெட்டின் அசைவுத் தெளிவு 360 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ்-க்கு அருகில் போகும். மின்மினி ஆடும் நான்கு கேமுக்கும் பொருந்தும் ஒரே பேனல் இதுதான்.

#11 தூரிகை

நான்கு கேமுக்கும் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆறேழு மணி நேர கோடுக்கும் அந்த ஜன்னலுக்கும் பொருந்தாது. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

ஜன்னல்: ஓலெட்டில் க்யூடி, டபிள்யூ என்று இரண்டு வகை. க்யூடி-ஓலெட்டில் முன்பக்கம் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் படலம்) இல்லை. அறையில் வெளிச்சம் விழுந்தால் கறுப்பு ஊதாச்சாம்பலாக எழும்பும். எந்தக் கறுப்புக்காக ஓலெட் வாங்கினாரோ அது பகலில் ஐபிஎஸ் அளவுக்கே போய்விடும். டபிள்யூ-ஓலெட்டில் இந்தக் குறை குறைவு. ஆனால் இரண்டிலும் முழுத்திரை வெள்ளைக்குச் சாதாரணமாகக் கிடைப்பது சுமார் 250 நிட் (வெளிச்சத்தின் அலகு). ஜன்னலோரத்தில் 300-க்கு மேல் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 1000 நிட், திரையில் சிறு பகுதி மட்டும் ஒளிரும்போது வருவது.

எழுத்து: சாதாரணத் திரையில் ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக நிற்கும். விண்டோஸின் கிளியர்டைப் அந்த வரிசையை நம்பி எழுத்தின் ஓரத்தை மென்மையாக்குகிறது. க்யூடி-ஓலெட்டில் மூன்றும் முக்கோணமாக இருக்கும், டபிள்யூ-ஓலெட்டில் நான்காவதாக வெள்ளையும் சேரும். க்யூடி-ஓலெட்டில் எழுத்தின் மேல் ஓரத்தில் பச்சையும் கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பும் கசியும். 109 பிக்சல் நெருக்கத்தில் இது தெரியும். 27-ல் 4கே என்றால் 163-ல் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

எரிதழும்பு (ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரையில் பதியும் தடம்): அசையாத டாஸ்க்பார், எடிட்டரின் பக்கப்பட்டை, வரி எண்கள், இவையெல்லாம் வாரத்தில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும். தேய்மானம் அந்த இடத்தில் கூடும். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு, காட்சி மாறிக்கொண்டே இருக்கும். இவருடைய பயன்பாட்டில் பாதிக்கு மேல் அசையாத படம்.

#12 அந்திவானம்

எரிதழும்பைக் கையாள வழி இருக்கிறது. டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வையுங்கள். இருண்ட தீம் போடுங்கள். பகலில் எஸ்டிஆர் (எச்டிஆர் அல்லாத சாதாரணப் படம்) பிரைட்னஸை 120 நிட் அளவுக்கு இறக்குங்கள். 5 நிமிடத்தில் திரை அணையட்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பேனல் சுத்திகரிப்பு (திரை தானே பிக்சல்களைச் சமன்செய்யும் வேலை) கேட்கும், மறுக்காதீர்கள். வேலை முடிந்ததும் பவர் ஸ்ட்ரிப்பை அணைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அந்தச் சுத்திகரிப்பு ஓடும். எரிதழும்புக்கு வாரன்டி உண்டென்று எழுத்தில் இருக்கும் மாடலை மட்டும் எடுங்கள். துடைக்கும்போது உலர்ந்த துணி கூடாது. க்யூடி-ஓலெட்டின் மேற்பூச்சு எளிதில் கீறும், சற்று ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணிதான் வேண்டும்.

ஆனால் ஜன்னலைப் பற்றி தூரிகை சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. 120 நிட் என்று நானே சொன்னதும் ஜன்னலோரத்தில் நடக்காது. கெட்டித் திரைச்சீலை போட முடியாதென்றால், கோடுக்குப் பழைய 24 அங்குலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓலெட்டைக் கேமுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

#13 கம்பிவலை

போர்ட் விஷயத்தில் ஏமாறாதீங்க. பெட்டியில "எச்டிஎம்ஐ 2.1"-ன்னு போட்டிருந்தா மட்டும் போதாது. 2.1-ல இருக்கிற வசதி எல்லாமே கட்டாயமில்லாதது. 2.0-வின் 18 ஜிகாபிட் வேகத்தோட நிக்கிற போர்ட்டுக்கும் 2.1-ன்னு பெயர் போட விதி இடம் தருது. முழு 2.1-ன்னா 48 ஜிகாபிட். நடுவுல 24-ல நிக்கிற மானிட்டரும் உண்டு. அதனால விவரப்பட்டியல்ல எச்டிஎம்ஐ வழியா எந்த ரெசொல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ்னு தனியா எழுதியிருக்கான்னு பாருங்க.

கணக்கு இதோ. 1440பி, 165 ஹெர்ட்ஸ், 8 பிட் நிறம்: பிக்சலுக்கு மட்டுமே 14.6 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 2.0-ல தரவுக்குக் கிடைப்பது 14.4. அதனாலதான் அந்தக் கம்பியில 1440பி 144-லேயே நின்னுடுது. 4070-ல இருக்கிற டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ல தரவுக்கு 25.9 கிடைக்கும். 1440பி 240 ஹெர்ட்ஸ் 8 பிட் நிறத்தில தாராளமா போகும். 10 பிட் போட்டா 26.5 ஆகிடும், அப்ப டிஎஸ்சி சுருக்கம் வேணும். அந்தச் சுருக்கம் படத்தில கண்ணுக்குத் தெரியாது, பயப்பட வேண்டாம்.

பிஎஸ்5: 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து 1440பி தருது. 1440பி 120 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டே போதும். ஆனா விஆர்ஆர் வேணும்னா மானிட்டர் எச்டிஎம்ஐ 2.1-ன் விஆர்ஆர்-ஐ ஏத்துக்கணும். எச்டிஎம்ஐ வழி ஏஎம்டியின் விஆர்ஆர் ஆன ஃப்ரீசிங்க் மட்டும் இருந்தா பிஎஸ்5 கண்டுக்காது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, ஃப்ரீசிங்க் தெரியும்.

கேபிள்: டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் 2 மீட்டருக்குள்ள வச்சுக்குங்க. பெட்டியோட வர்றதே நல்லது. மலிவு கேபிள் சிலதுல 20-ஆம் பின் ரெண்டு முனையிலயும் இணைஞ்சிருக்கும். மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள்ள ஏறி, கணினி ஆன் ஆகாம அடம் பிடிக்கும். தர விதிப்படி அந்தப் பின் இணையவே கூடாது. திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வருதுன்னாலும் முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க, அப்புறம்தான் டிரைவர்.

#14 தூரிகை

எச்டிஆர் பற்றி இரண்டு வரி. டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற முத்திரையை எச்டிஆர் என்றே எண்ண வேண்டாம், அதற்கு லோக்கல் டிம்மிங்கே (பேக்லைட்டை மண்டலம் மண்டலமாக மங்கச் செய்வது) தேவையில்லை. ஐபிஎஸ்-ல் 400 நிட் வெள்ளை காட்டினால் 1000-க்கு 1 கணக்கில் கறுப்பு 0.4 நிட், வானமும் நட்சத்திரமும் ஒன்றாக வெளுக்கும். உண்மையான எச்டிஆர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று ஓலெட். மற்றது பல நூறு மண்டலம் கொண்ட மினி எல்இடி பேக்லைட்.

1152 மண்டல மினி எல்இடியில் 1440பி படத்தைப் பிரித்தால் ஒரு மண்டலத்துக்கு 3200 பிக்சல். இருட்டில் மவுஸ் அம்பு நகர்ந்தால் சுற்றிலும் லேசான ஒளிவட்டம் வரும், அதற்குத் தயாராக இருங்கள். பதிலாக 1000 நிட் வெளிச்சம் கிடைக்கும், ஜன்னலைப் பொருட்படுத்தாது, எரிதழும்பும் கிடையாது. கோட் எழுதும்போது லோக்கல் டிம்மிங்கை அணைத்துவிடலாம். ஜன்னலும் கோடும் எச்டிஆர் ஆசையும் ஒன்றாக உள்ள ஒருவருக்கு இதுவே நல்ல நடுவழி. ஐபிஎஸ் மினி எல்இடி எடுங்கள், விஏ மினி எல்இடியில் கடிகாரமுள் சொன்ன இழுவை திரும்பி வரலாம்.

#15 மின்மினி

எல்லாருக்கும் நன்றி. ஜன்னலை மறைக்க முடியாது, மேசையையும் மாற்ற முடியாது. அதனால் 32-ம் ஓலெட்டும் பட்டியலிலிருந்து போய்விட்டன. 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ் என்று முடிவு. இரண்டு மாடல் கையில் இருக்கிறது: ஒன்று சாதாரண பேக்லைட், 240 ஹெர்ட்ஸ். இன்னொன்று மினி எல்இடி, 1152 மண்டலம், 180 ஹெர்ட்ஸ். எது? வளைந்த திரை இரண்டிலும் இல்லை, அது இழப்பா?

#16 கடிகாரமுள்

மினி எல்இடி 180. 180-ல் ஒரு ஃபிரேம் 5.6 மி.நொடி, 240-ல் 4.2. வித்தியாசம் 1.4 மி.நொடி. நான்கில் இரண்டு கேம் அந்த எண்ணைத் தொடவே போவதில்லை. எச்டிஆர் வெளிச்சம் அந்த இரண்டிலும் ஒவ்வொரு நிமிடமும் தெரியும். ஆனால் வாரத்தில் பெரும்பகுதி வாலரன்ட்தான் என்றால் 240-ஐ எடுங்கள், அப்போது மண்டலங்கள் உங்களுக்கு வேலைக்கு ஆகாது.

வளைவு இழப்பில்லை. 1500ஆர் என்றால் 1500 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 34 அங்குல அகலத்திரையில் ஓரங்கள் கண்ணை நோக்கித் திரும்புவதால் பயன் உண்டு. 27-ல் பயன் குறைவு, ஜன்னல் வெளிச்சத்தையும் கோடுகளாகப் பிரதிபலிக்கும்.

#17 கம்பிவலை

ஸ்டாண்டையும் பாருங்க. உயரம் ஏறி இறங்கணும், சாய மட்டும் முடிஞ்சா போதாது. பின்னால 100 × 100 மி.மீ. வீசா துளை (மானிட்டர் மாட்டுறதுக்கான தரத் துளை) இருந்தா பின்னாடி ஆர்ம் (மானிட்டரைத் தாங்குற கை) மாட்டிக்கலாம், திரை சுவரோட ஒட்டிப் போகும், உங்க 60 செ.மீ. மேசைக்கு அதுதான் பெரிய லாபம். திருகு பெரும்பாலும் எம்4. நீளம் மானிட்டர் கையேட்டில சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. நீளத் திருகைப் போட்டு முறுக்கினா உள்ளே இருக்கிற போர்டைத் தொட்டுடும்.

#18 மின்மினி

மினி எல்இடி ஆர்டர் போட்டாச்சு, ஆர்மோடு சேர்த்து. வந்ததும் எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்? திருப்பி அனுப்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது.

#19 கடிகாரமுள்

முதல் நாளே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், பெட்டியையும் தெர்மோகோலையும் பத்து நாளும் எறியாதீர்கள்.

கேபிளைக் கார்டில் சொருகுங்கள், மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் அல்ல. விண்டோஸ் செட்டிங்கில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 180 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். புதுத் திரையைச் சொருகினால் விண்டோஸ் பல நேரம் 60-லேயே விட்டுவிடும், மாதக்கணக்கில் கவனிக்காமல் அப்படியே ஆடுகிறவர்கள் நிறைய.

பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் வைத்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கறுப்பில் ஒளிரும் புள்ளி தெரிந்தால் அது மாட்டிக்கொண்ட பிக்சல், வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் செத்த பிக்சல். பல நிறுவனங்கள் ஒளிரும் புள்ளிக்கு உடனே மாற்றித் தரும், செத்த புள்ளிக்குச் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும். வாரன்டித் தாளில் எண்ணிக்கை இருக்கும். அந்த எண்ணிக்கை வாரன்டிக்குத்தான், திருப்பி அனுப்பும் அவகாசத்துக்குள் ஒரே ஒரு புள்ளி என்றாலும் அனுப்பிவிடுங்கள்.

அறையை இருட்டாக்கி, லோக்கல் டிம்மிங்கை அணைத்து, கறுப்புத் திரையின் ஓரங்களைப் பாருங்கள். பிரைட்னஸை 100-ல் வைத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள், தினமும் எதில் வைப்பீர்களோ அதில் வையுங்கள். தலையை நகர்த்தும்போது கூடவே நகரும் வெளிச்சம் ஐபிஎஸ் மினுக்கம், எல்லா ஐபிஎஸ்-லும் உண்டு. நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் வெளிச்சம் பேக்லைட் ஒழுகல், அது உங்கள் பேனலின் குறை. போனில் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், கேமரா இரண்டையும் ஊதிப் பெரிதாக்கும்.

அடுத்தது ஓவர்டிரைவ். பிளர் பஸ்டர்ஸின் யுஎஃப்ஓ சோதனையை ஓட்டி ஒவ்வொரு நிலையாக மாற்றுங்கள். விண்கலத்தின் பின்னால் கறுத்த வால் வந்தால் போதவில்லை, வெளிறிய ஒளிவால் வந்தால் அதிகம். 180-ல் மட்டும் பார்த்து நிறுத்தாமல் 60-லும் பாருங்கள். எல்டன் ரிங் ஓடப்போவது அங்கேதான், 180-ல் அழகாக இருக்கும் நிலை 60-ல் அளவு மீறும்.

கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை இயக்கி, அதே இடத்தில் வி-சிங்க்கையும் (ஃபிரேமைத் திரையின் ஹெர்ட்ஸோடு பூட்டுவது) ஆன் செய்யுங்கள். கேமுக்குள் இருக்கும் வி-சிங்க்கை அணையுங்கள். ஃபிரேம் எல்லையை 171-ல் வையுங்கள். ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கும் என்விடியா வசதி) இருக்கும் கேமில் அதுவே ஏறக்குறைய இந்த இடத்தில் பூட்டிவிடும். எல்லை வைக்காமல் 180-ஐத் தொடவிட்டால் வி-சிங்க் உள்ளே வந்து தாமதம் ஏறும். விஆர்ஆர் வேலை செய்கிறதா என்று பார்க்க மானிட்டர் மெனுவிலேயே ஹெர்ட்ஸ் காட்டும் கவுன்டர் இருக்கும், கேமில் அது ஃபிரேமோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். 180-லேயே அசையாமல் நின்றால் மானிட்டர் மெனுவில் அடாப்டிவ்-சிங்க் அணைந்திருக்கிறது.

#20 தூரிகை

நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் பேனல்களின் நிறப்பரப்பு எஸ்ஆர்ஜிபி-யைவிட (வலைப்பக்கங்களின் சாதாரண நிறத் தரம்) அகலம், அதனால் சாதாரண வலைப்பக்கத்தில் சிவப்பு அடித்துக்கொண்டு வரும், முகங்கள் வெயிலில் வெந்ததுபோல் தெரியும். பகல் வேலைக்கு மெனுவில் எஸ்ஆர்ஜிபி நிலையைப் போடுங்கள். சில மாடலில் அந்த நிலையில் பிரைட்னஸைத் தொடவிடாமல் பூட்டிவைத்திருப்பார்கள், ஜன்னலோரத்தில் அது உதவாது. முதல் நாளே பார்த்துவிடுங்கள், அவகாசத்துக்குள் திருப்பி அனுப்ப அதுவும் நியாயமான காரணம்தான்.

எச்டிஆர்-க்கு விண்டோஸ் எச்டிஆர் கேலிப்ரேஷன் செயலியை ஒருமுறை ஓட்டி உச்ச வெளிச்சத்தைக் குறித்துக்கொடுங்கள். பிஎஸ்5-ல் எச்டிஆர் அளவைத் தனியே சரிசெய்யுங்கள், இரண்டும் ஒன்றையொன்று அறியாது. பிஎஸ்5 படம் மட்டும் வெளுத்தோ கறுப்பில் விவரம் விழுங்கியோ வந்தால் மானிட்டரில் எச்டிஎம்ஐ கறுப்பு அளவும் பிஎஸ்5-ல் ஆர்ஜிபி வீச்சும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் முழு வீச்சில் வையுங்கள்.

#21 மின்மினி

குறித்துக்கொண்டேன். எல்டன் ரிங்குக்காக ஓவர்டிரைவை 60-ல் ஒருமுறை, 171-ல் ஒருமுறை பார்க்கிறேன். ஒரே நிலை இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால்?

#22 கடிகாரமுள்

மானிட்டர் மெனுவில் இரண்டு தனிப்பயன் சுயவிவரம் சேமிக்கலாம். ஒன்றில் ஓவர்டிரைவ் குறைந்த நிலை, இன்னொன்றில் நடுநிலை. பின்பக்க ஜாய்ஸ்டிக்கின் குறுக்குவழியில் இரண்டையும் வைத்தால் ஒரு தட்டில் மாறும். சுயவிவரத்தோடு ஓவர்டிரைவ் சேராத மாடலாக இருந்தால், குறைந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். 171-ல் சிறு இழுவை வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம், 60-ல் ஒளிவால் வருவதைக் கண் விடாது.